வலி இல்லதானே?

தேவிப்ரியாவுக்குக் காலையிலிருந்தே கோபம். சும்மா முணுமுணுத்துவிட்டு அடங்குகிற கோபமில்லை. யாராவது வாயைத் திறந்தால் குதறி எடுத்துவிடுகிற கோபம். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் கிளப் எடுத்துக்கொடுத்த வாடகை வீட்டு வாசலில் வேன் ஏறும்போது, கதவு சரியாகச் சாத்தவில்லை என்று டிரைவர்மேல் எரிந்து விழுந்தாள். அந்த ஆள் பாவம், அவளுக்கு என்ன கெடுதல் செய்தார்? செய்த முதலாளியும் கோச்சும் முன்னால் ஏசி காரில் போய்க்கொண்டிருந்தார்கள்.

பெண்கள் கால்பந்து என்றால் ஏதோ படிக்கிற பிள்ளைகள் பொழுதுபோகாமல் ஓடுவது என்று ஊரில் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தேவிப்ரியாவுக்கு அதுதான் தொழில். நாமகிரிப்பேட்டையில் அவள் அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் காட்டில் மரவள்ளிக்கிழங்கு பிடுங்கப் போகிறவர்கள். அவள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுச் சேலத்துக் கிளப்புக்கு லெஃப்ட் பேக்காக ஆடுகிறாள், இது நாலாவது வருடம். அவளுடைய இரண்டு முட்டிகள்தான் அந்தக் குடும்பத்தின் காடு, தோட்டம் எல்லாம். அதில் ஒன்று ஏற்கெனவே ஆபரேஷன் ஆன முட்டி.

லீக் முடிந்து ஒன்றரை மாதம் ஆகிறது. போட்டியில்லாத இந்த மாதங்கள்தான் உடம்பைச் சரிபண்ணிக்கொள்கிற காலம். முதலில் ஓய்வு, அப்புறம் தொடைக்கும் இடுப்புக்கும் பலம் ஏற்றுகிற பயிற்சி, அதற்கப்புறம்தான் ஓட்டம். அணியின் பிசியோதெரபி அக்கா தலைதலையாய் அடித்துக்கொண்டு சொன்னது இது. லீக் முடிந்த மறுவாரமே அந்த அக்காவை அனுப்பிவிட்டார்கள். ஆட்டமே இல்லாதபோது பிசியோ எதற்கு என்று கேட்டாராம் முதலாளி. கூடவே ஆட்டக்காரிகளிலும் பாதிப் பேரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. மிச்சமிருந்தவர்களில் மூன்று பேர் கட்டுப் போட்டுக்கொண்டு சொந்த ஊரில் கிடந்தார்கள். ஆகமொத்தம் நிற்கக்கூடியவர்கள் சரியாகப் பதினோரு பேர். ஒருத்திக்குத் தும்மல் வந்தால்கூட மாற்றுக்கு ஆள் கிடையாது.

முதலாளி சின்னண்ணன் கெட்ட மனுஷன் என்று சொல்லிவிட முடியாது. திருச்செங்கோட்டுப் பக்கம் ரிக் வண்டிகள் வைத்துத் தொழில் செய்கிறவர். ஆந்திராவிலிருந்து ராஜஸ்தான் வரைக்கும் அவருடைய வண்டி போர் போடாத மண் குறைவு. இரண்டு வருடத்துக்கு முன் கிளப்பை வாங்கினார். தீபாவளிக்கு எல்லோருக்கும் துணி எடுத்துக் கொடுத்தார். கோல்கீப்பர் கமலவேணியின் அப்பா செத்தபோது முதல் ஆளாய் வந்து நின்றார். எல்லாம் சரி. ஆனால் கால் என்பது தேயும், கிழியும் என்பது மட்டும் அந்த மண்டையில் ஏறவே இல்லை.

மலைக்கோயில் படியில் தினமும் ஓடச் சொன்னது அவர்தான். தான் சின்ன வயதில் அப்படி ஏறித்தான் கால் கெட்டியானது என்றார். ஏறுவதுகூடப் பரவாயில்லை. அத்தனை படியையும் ஓட்டமாய் இறங்கும்போது ஒவ்வொரு அடியும் முட்டியில் போய் இடிக்கும். ஒரு வாரத்தில் பிள்ளைகள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தார்கள். கோச் மதனுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்தும் முதலாளி முன்னால் தலையை ஆட்டிவிட்டு வந்து, காலையில் வரிசையாக நிற்க வைத்து ஒவ்வொருத்தியிடமும் கேட்பார்: “வலி இல்லதானே?” கேள்வியிலேயே பதிலையும் வைத்துக் கேட்கிறவரிடம் என்னத்தைச் சொல்வது? இல்லீங்க சார், இல்லீங்க சார் என்று வரிசை முடிந்துவிடும். வலி என்று சொன்ன இரண்டு பேரின் ஒப்பந்தம் போன கதை எல்லோருக்கும் தெரியும்.

இதோடு விட்டாரா? தன் ஊர் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்குக் காட்சி ஆட்டம் ஒன்று வைத்துவிட்டார். எதிரில் ஆட ஈரோட்டிலிருந்து ஒரு கிளப். வைகாசி வெயில், மத்தியானம் நாலு மணி. நோம்பிக்கு வந்த உறவுக்காரர்களுக்குத் தன் டீமைக் காட்ட வேண்டுமாம். போட்டியில்லாத காலத்தில் ஆடினால் ஆறுகிற காயம் ஆறாது என்று தேவிப்ரியா முந்தின நாளே மதனிடம் சண்டை போட்டாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, ஒரு நாள் சமாளி என்றார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதே ஆள்தான் இரண்டு வருடத்துக்கு முன்பும், மாற்ற ஆளில்லை, கொஞ்ச நேரம் ஓரமாய் நின்று சமாளி என்றார். அன்றைக்கு முட்டி லேசாகத்தான் பிசகியிருந்தது. சமாளித்ததில் ஜவ்வு முழுசாய் அறுந்தது. ஒரு சீசன் முழுக்கக் கட்டிலில் கிடந்தாள்.

மைதானத்தைப் பார்த்ததும் கோபம் இன்னும் ஏறியது. மைதானமாம் மைதானம்! ரிக் வண்டிகள் நிறுத்துகிற காலி இடத்தை ரோலர் விட்டுச் சமமாக்கிச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். புல் என்பது பேருக்கும் இல்லை. பூட்ஸை ஊன்றினால் சரளைக்கல் நறநறத்தது. ஒரு பக்கம் பந்தல், அதற்குள் சொந்தபந்தம், மைக் செட், இளநீர். இன்னொரு பக்கம் வண்டிகளை ஒதுக்கி நிறுத்தி, உபரிக் கம்ப்ரசர்களைப் பச்சைத் தார்ப்பாய் போட்டு மூடி, கயிறு கட்டி வைத்திருந்தார்கள். தூசி படக்கூடாதாம்.

நடுவர் மட்டும் தெரிந்த முகம். சேலத்துப் பூபதி. கறாரான மனுஷர். போன லீக்கில் எதிரணிக்குச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் ஆறே பேர்தான் எழுந்து வந்தார்கள். ஏழு பேர் இல்லாவிட்டால் அது ஆட்டமே இல்லை என்று இரண்டு அணியையும் அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மந்திரி வந்து உட்கார்ந்திருந்தும் அசையவில்லை.

ஆட்டம் ஆரம்பித்துக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. வலது பக்கம் ஆடுகிற மோனிஷா, அணியிலேயே சின்னவள், ஆத்தூர்க்காரி, பந்தைத் துரத்திப் போய்ச் சட்டென்று திரும்பினாள். யாரும் அவளை இடிக்கவில்லை. பூட்ஸ் சரளையில் மாட்டி அப்படியே நின்றது, உடம்பு மட்டும் திரும்பியது. இந்தக் கோடியிலிருந்த தேவிப்ரியாவுக்கு எதுவும் கேட்டிருக்க நியாயமில்லை. ஆனாலும் அந்த விழுகையைப் பார்த்ததும் அவளுடைய முட்டியே இன்னொருமுறை அறுந்தது போலிருந்தது. ஆட்டம் நிற்கும் முன்பே ஓட ஆரம்பித்துவிட்டாள்.

மோனிஷா முட்டியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு மண்ணில் புரண்டாள். பூபதி விசிலடித்தார். மதன் தண்ணீர்ப் பாட்டிலோடு வந்து சேர்ந்தார். பந்தலிலிருந்து சின்னண்ணனும் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். மைக்கில் எவனோ ஒருவன், சிறு இடைவேளை, பொதுமக்கள் அமைதி காக்கவும் என்றான்.

சின்னண்ணன் குனிந்து பார்த்தார். “சுளுக்குத்தான் அம்மிணி, ஒண்ணுமில்ல. ஒறம்பர எல்லாம் பாத்துட்டு இருக்குது. பதினோரு பேருல ஒண்ணு கொறஞ்சா நல்லாருக்காது. சித்த நேரம் ஓரமா நின்னா போதும்.”

மதன் முழங்கால் போட்டு உட்கார்ந்து, தினமும் காலையில் கேட்கிற அதே குரலில் கேட்டார். “மோனிஷா, வலி இல்லதானே?”

அவள் கண்ணிலிருந்து நீர் தாரைதாரையாய் வழிகிறது. உதட்டைக் கடித்ததில் ரத்தம் வேறு. அந்த நிலைமையில் அந்தப் பெண் சொல்கிறாள்: “இல்லீங்க சார்.”

சொல்லிவிட்டுக் கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தாள்.

தேவிப்ரியாவுக்கு ரத்தம் தலைக்கேறியது. மோனிஷாவின் தோளைப் பிடித்து மண்ணிலேயே உட்கார வைத்தாள். எழுந்தால் காலை ஒடித்துவிடுவேன் என்று அவளையே திட்டினாள். திட்ட வேண்டியவர்கள் எதிரே நிற்கிறார்கள் என்று அப்புறம்தான் உறைத்தது. நிமிர்ந்தாள். தார்ப்பாய் போர்த்திய கம்ப்ரசர்களைக் கை காட்டினாள்.

“அங்க பாருங்க. ஒரு வண்டிக்கு ஒண்ணுக்கு ரெண்டா வெச்சிருக்கீங்க. ஒண்ணு போனா இன்னொண்ணு. எங்களுக்கு மாத்து எங்கீங்க?”

சின்னண்ணன் கோபித்துக்கொள்ளவில்லை. சின்னப்பிள்ளைக்கு எடுத்துச் சொல்வது மாதிரி, பிரியமாகவே சொன்னார். “அது மிசினு அம்மிணி. பழுதானா நின்னு போயிரும். என்ன கெஞ்சுனாலும் ஓடாது. நீங்க அப்புடியா? பொறுத்துக்குவீங்கல்ல.”

பாராட்டு! அதை அவர் பாராட்டாகத்தான் சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அடித்தவனைக்கூட மன்னித்துவிடலாம், முதுகில் தட்டிக்கொடுத்துக்கொண்டே அடிக்கிறவனை என்ன செய்வது? இரண்டு வருடத்துக்கு முன் தான் பொறுத்துக்கொண்டது நினைவுக்கு வந்தது. அதைப் பார்த்துத்தான் இவர்களுக்கு இந்தத் தைரியம் என்று தோன்றியது.

“அப்ப நாங்களும் நின்னுக்கறோமுங்க” என்றாள். பூபதி பக்கம் திரும்பினாள். “சார், எனக்கு முட்டி வலிக்குது. என்னால ஆட முடியாது. வெளிய போறேன்.”

கோட்டுக்கு வெளியே போய்த் தரையில் உட்கார்ந்தாள். வலி என்று சொன்ன அந்தச் சத்தம் அவள் காதுக்கே புதிதாய் இருந்தது. பொய்யும் இல்லை, மலைப்படியில் ஓடிய நாளிலிருந்து முட்டி வீங்கித்தான் இருந்தது.

கமலவேணி கோலை விட்டுவிட்டு வந்து நின்றாள். உள்ளே ஒன்பது பேர், இன்னும் மூன்று பேர் வெளியே வந்தால் ஆறு ஆகிவிடும், பூபதி நிறுத்தித்தான் ஆகவேண்டும் என்று தேவிப்ரியா அவளிடம் மெதுவாகச் சொன்னாள். எங்கேயாவது வலி என்று சும்மா சொல்லுங்கள் போதும் என்றாள். கமலவேணி பல்லால் கவ்வி இடது கையுறையைக் கழற்றினாள். சுண்டுவிரல் ஊதாவாய் வீங்கி, பக்கத்து விரலோடு சேர்த்துப் பிளாஸ்திரி சுற்றியிருந்தது. அதைப் பூபதியிடம் நீட்டிக் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

நடுவில் ஆடுகிற பெரியநாயகி வந்தாள். இடுப்பு என்றாள். தனப்பிரியா வந்தாள். பின்தொடை என்றாள், ஜெர்சியை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பூபதி உள்ளே நின்றவர்களை விரல்விட்டு எண்ணினார். ஆறு. ஒரு கணம் பந்தலைப் பார்த்தார், சின்னண்ணனைப் பார்த்தார். பிறகு நீளமாக விசிலடித்து, ஆட்டம் முடிந்தது என்று கையை விரித்தார்.

பந்தலில் சலசலப்பு. மைக் கரகரத்து நின்றது. தேவிப்ரியா ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள். அடுத்த நிமிஷமே அந்த நினைப்பு செத்தது. விசில் ஊதிய பிறகும் பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள். உள்ளே மிச்சமிருந்த ஆறு பேரும், ஒருத்தி பின்னால் ஒருத்தியாக. பிரபா வந்து பூபதி எதிரில் நின்று பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்தாள்.

தேவிப்ரியா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். “போதும்டி. ஆட்டம்தான் நின்னுருச்சே. இன்னும் எதுக்கு நடிக்கற?”

“நடிக்கலக்கா” என்றாள் பிரபா.

சாக்ஸை உருவினாள். கட்டைவிரல் நகம் கருத்துப்போய்ப் பாதி பெயர்ந்து, சாக்ஸோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அவளுக்குப் பின்னால் நின்றவள் தன் கணுக்காலைக் காட்டினாள். அதற்குப் பின்னால் இன்னொருத்தி சட்டையைத் தூக்கி விலாவைக் காட்டினாள். ஒரே வீட்டில், ஒரே அறையில், பாயோடு பாயாய்ப் படுத்து எழுகிற பெண்கள். ஒருத்திக்கு வலிப்பது இன்னொருத்திக்குத் தெரியாமல் இத்தனை நாள் மறைத்திருக்கிறார்கள். தேவிப்ரியாவே முட்டி வீக்கத்தைத் துண்டு போட்டு மறைத்துக்கொண்டுதானே படுத்தாள்? தனக்கு மட்டும்தான் வலிக்கிறது என்று ஒவ்வொருத்தியும் நினைத்துக்கொண்டு கிடந்திருக்கிறாள்! சின்னண்ணன்மேல் வந்த கோபம் போதாதென்று அவளுக்கு இப்போது தன்மேலும் வந்தது, மற்றப் பத்துப் பேர்மேலும் வந்தது. பளார் பளாரென்று எல்லோரையும் அறைந்துவிட்டுக் கட்டிப்பிடித்து அழலாம் போலிருந்தது.

சின்னண்ணன் அந்த விரலையும் நகத்தையும் பார்த்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். யார் இவர்களைத் தூண்டிவிட்டது என்று மதனிடம்தான் கேட்டார். தேவிப்ரியா நான்தான் என்றாள். அடுத்த சீசன் ஒப்பந்தம் அந்த ஒரு வார்த்தையோடு போயிற்று என்று அவளுக்குத் தெரியும். நாமகிரிப்பேட்டையில் அம்மாவிடம் என்ன சொல்வது என்றும் ஒரு கணம் நினைத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு, காரை இங்கே கொண்டுவரச் சொல்லுங்கள், மோனிஷாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அதே குரலில் சொன்னாள். உறவுக்காரர்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சின்னண்ணன் டிரைவரைக் கூப்பிட்டார்.

நாலு பேர் சேர்ந்து மோனிஷாவைத் தூக்கி ஏசி காரின் பின்சீட்டில் காலை நீட்டிப் படுக்க வைத்தார்கள். தேவிப்ரியா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். மதன் முன்சீட்டில் ஏறி, திரும்பிப் பார்த்தார். முகம் செத்துப்போயிருந்தது. என்ன பேசுவதென்று தெரியாமலோ, வாய் பழகிவிட்டதாலோ, கேட்டுவிட்டார்: “மோனிஷா, வலி இல்ல...”

“வலிக்குது சார்” என்று மோனிஷா கத்தினாள். கார் புறப்பட்டு மெயின் ரோடு ஏறுகிற வரைக்கும் அதையே கத்திக்கொண்டு வந்தாள், தேவிப்ரியா அவளை அடக்கவில்லை.