ஊமை ஆட்டத்தில் ஒரு கொழுந்துக்காரி

கிட்ட வாங்க, கண்ணுகளா. கம்பளியை இழுத்துப் பொத்திக்கொண்டு உட்காருங்கள். வாயைத் திறக்காமல் ஆடுகிற ஓர் ஆட்டத்தையும், அதைப் பார்க்கப் போன ஒருத்தியையும் பற்றிச் சொல்லப் போகிறேன். சிரிக்கிற இடம் வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், பிறகு வராது.

கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் மூக்காயி என்றொரு கொழுந்துக்காரி இருந்தாள். புருஷன் வீரய்யா போய்ச் சேர்ந்துவிட்டான். ஒரே மகன் இருளப்பன் நாவலப்பிட்டியில் கடையில் நின்றான். எழுபத்தேழில் தமிழர்களை அடித்து விரட்டிய கலவரத்தில் அந்தக் கடை எரிந்தது. பிள்ளை என்ன ஆனான் என்று யாருக்கும் தெரியவில்லை. அழுது ஓய்ந்து, தோட்டத்துச் சனத்தை இந்தியாவுக்கே திருப்பி அனுப்புகிற ஒப்பந்தப்படி அவள் கப்பலேற நாளும் வந்துவிட்ட நேரத்தில்தான் கட்டுகஸ்தோட்டை வளையல்காரி ஸுலைஹா செய்தி கொண்டுவந்தாள்.

இருளப்பன் உயிரோடு இருக்கிறான். ஆற்றுக்கு அப்பால் ஒரு சிங்களக் கிராமத்தில், மேளக்காரர் ஒருவர் அவனை ஒளித்துக் காப்பாற்றி மகளையும் கட்டிக்கொடுத்திருக்கிறார். ஊருக்கு அவன் சோமபால. பேசினால் தமிழன் என்று தெரிந்துவிடுமே என்று, திக்குவாய் என மாமனார் சொல்லிவைத்ததால் யாரும் அவனிடம் பேச்சுக் கொடுப்பதில்லை. பௌர்ணமிப் போயா நாளில் அங்குள்ள புத்த விகாரையில் முகமூடி ஆட்டம். முகமூடி போட்டவன் பேசக் கூடாது என்பது அவ்விடத்து வழக்கம். அவனுக்கு அதைவிடத் தோதான இடம் ஏது?

மூக்காயிக்கு ஒரே நினைப்புத்தான். அவனையும் கூட்டிக்கொண்டு கப்பலேற வேண்டும். இந்தத் தடவை விட்டால் பிறகு இல்லை.

"அங்க போய் அவன் பேரச் சொல்லிராதீங்க," என்றாள் ஸுலைஹா. "கேட்டா அவனையும் விட மாட்டாங்க, வச்சிருக்கிற வீட்டையும் விட மாட்டாங்க. நெத்தித் திருநீற அழிங்க. மூக்குத்தியையும் கழட்டுங்க."

"மூக்குத்தியக் கழட்டிட்டா நா எப்பிடி மூக்காயி?"

"இன்னைக்கு மட்டும் வெறும் ஆயியா இருங்களேன்."

இருவரும் சிரித்தார்கள். போயா அன்று அவளுடைய கைம்பெண் வெள்ளைச் சேலை, விகாரைக்கு வந்த சிங்களப் பெண்களின் வெள்ளையோடு கலந்துகொண்டது. மூக்கில் இருந்த துளையை மட்டும் அவள் முந்தானையால் மறைத்துக்கொண்டாள்.

பின்னேர வெயிலில் மேளம் எழுந்தது. கதை, இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த ஓர் ஆண்டியையும் அவன் பெண்டாட்டியையும் பற்றியது. இரண்டு கைகளையும் சேர்த்து அலை மாதிரி ஆட்டினார்கள், அதுதான் கப்பல். கரையிறங்கிய பெண்டாட்டி வேலை தேடி மலையேறினாள். சிவப்பு உதடும் உருண்டைக் கண்ணுமாக ஒரு மரமுகம், சேலை கட்டிய ஆண்பிள்ளை.

அந்த முகம் கொழுந்து பறிக்கத் தொடங்கியது.

மூக்காயிக்கு வலது தோள் தூக்க வராது. சறுக்கி விழுந்த பழைய அடி. பறித்த கொழுந்தை இடக்கைக்கு மாற்றி, தலையை ஒரு பக்கம் சாய்த்துத்தான் முதுகுக் கூடைக்குள் எறிவாள். மலை முழுக்கத் தேடினாலும் அப்படி எறிகிறவள் அவள் ஒருத்திதான்.

மரமுகம் இடக்கைக்கு மாற்றியது. தலையைச் சாய்த்தது. எறிந்தது.

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. "ஏன் அழுகிறீங்க, எல்லாரும் சிரிக்கிறாங்க, சிரிங்க," என்று ஸுலைஹா அவள் காதில் சொன்னாள். மூக்காயி சிரித்தாள். என்னை மறக்கவில்லை, வருவான் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

ஆட்டம் முடிந்து, முகமூடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இருளப்பன் கிணற்றடிக்கு வந்தான். இளைத்திருந்தான். பெண்டாட்டி வந்து கைக்குழந்தையை அவன் தோளில் போட்டாள். மாமனார் மேளத்தோடு பக்கத்தில் நின்றார். சுற்றிலும் ஊர்.

மூக்காயி எதிரே போய் நின்றாள். பேச முடியாது. ஆட்டக்காரர்கள் செய்த மாதிரியே இரண்டு கைகளையும் சேர்த்து அலையாக ஆட்டினாள். தன் நெஞ்சைத் தொட்டாள். அவனைக் காட்டினாள். பார்த்தவர்கள், கிழவி ஆட்டத்தை நடித்துக் காட்டுகிறாள் என்று சிரித்தார்கள்.

அவன் சிரிக்கவில்லை. அவள் முந்தானை மறைத்த மூக்கையே பார்த்தான். குழந்தை முகமூடியின் கண்ணுக்குள் விரலை விட்டு விளையாடியது.

"பரிஸ்ஸமின் யண்ட, அம்மே," என்றான் சிங்களத்தில். திக்காமல் சொன்னான். பிறகு குழந்தையை மாற்றிப் பிடித்துக்கொண்டு பெண்டாட்டி பின்னால் நடந்தான்.

பஸ்ஸில் ஸுலைஹா அவள் கையை விடவில்லை. "பத்திரமாப் போங்க அம்மான்னு தானே சொன்னான். அம்மான்னு கூப்பிட்டுட்டான் தானே."

"வயசான பொம்பள எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவாங்க, ஸுலைஹா."

"இருந்தாலும்..."

"சிங்கள ஆளுங்களும் நம்மள மாதிரித்தானே, போயிட்டு வாங்கன்னு தானே சொல்லுவாங்க? கிஹில்லா எண்டன்னு?"

ஸுலைஹா தலையை ஆட்டினாள்.

"போன்னு மட்டும் சொன்னான். வான்னு சொல்லல."

கப்பலுக்குப் புறப்பட்ட அன்று கண்டி ஸ்டேஷனில் தோட்டத்து லயத்துச் சனமெல்லாம் கூடி, போயிட்டு வாங்க, போயிட்டு வாங்க என்று அழுதது. மூக்காயியின் மூக்கில் மூக்குத்தி இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நம்மில் யாரும் வாசற்படியில் சொல்லாத சொல்லை அவள் சொன்னாள்.

"போறேன்."

அதற்குப் பிறகு அவளைப் பற்றி ஒரு சேதியும் வரவில்லை, கண்ணுகளா. எழுந்திருங்கள், பனி இறங்குகிறது. உங்கள் வீட்டிலிருந்து புறப்படுகிறவர்கள் எல்லாரும் போயிட்டு வாறேன் என்று சொல்லிப் புறப்படட்டும். சொன்னபடியே திரும்பி வரட்டும். வருகிறவர்களுக்கு உங்கள் அடுப்பில் எப்போதும் சூடாக ஏதாவது இருக்கட்டும்.