பட்டது என்று தூக்கிய கை

இன்னாசிக்கு வயிறு எரிந்தது. பச்சை மிளகாயை அரைத்துத் தடவியது மாதிரி எரிந்தது. பின்னே? ராயபுரத்தில், மாதா கோயிலுக்குப் பின்னாலிருந்த பழைய கிடங்கில், எழுபத்தைந்தில் கஸ்பார் மாஸ்டர் டேக்வாண்டோ ஆரம்பித்தபோது முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தவன் அவன். வேம்பு வந்ததோ ஒன்றரை வருஷம் கழித்து. இப்போது சிவப்புப் பட்டைக்கு இரண்டு பேருக்கும் போட்டியாம்! முந்தி வந்த செவியைப் பிந்தி வந்த கொம்பு மறைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

கஸ்பார், ஒரு கொரியாக்காரனின் கப்பலில் ஆறு வருஷம் சமையல் செய்துகொண்டே அந்த வித்தையைக் கற்றவர். இடுப்பில் கட்டும் பட்டையின் நிறத்துக்கெல்லாம் அர்த்தம் சொல்வார். வெள்ளை ஒன்றும் தெரியாதவன், மஞ்சள் மண், பச்சை முளை, நீலம் வானம், சிவப்பு அபாயம். "அபாயம் எதிராளிக்கு இல்லடா, ஒனக்குத்தான். கைய அடக்கு, மனச அடக்கு" என்பார். சிவப்பு கட்டியவன்தான் வரிசைக்குத் தலைவன். மாஸ்டர் வராத நாளில் அவன் வைத்ததுதான் சட்டம். துறைமுகத்தில் மூட்டை தூக்கும்போதுகூட இன்னாசிக்கு அந்தச் சிவப்புதான் கண்ணில் நின்றது.

அங்கே நடுவர் கிடையாது. அடி வாங்கியவனே கையைத் தூக்கி "பட்டுது" என்று சொல்ல வேண்டும். அதுதான் நேர்மை என்பது மாஸ்டரின் கணக்கு. முதல் அடி வாங்கியவன் தோற்றான்.

ஞாயிறு பூசை முடிந்ததும் போட்டி. இன்னாசி எகிறி உதைத்தான். வேம்பு நழுவிக்கொண்டான். கால் காற்றில்தான் போனது, சட்டையைக்கூட உரசவில்லை. ஆனால் வேம்பு கையைத் தூக்கினான்.

"பட்டுது மாஸ்டர்!"

எல்லோரும் கை தட்டினார்கள். வணக்கம் சொல்லக் குனிந்தபோது வேம்பு காதோடு சொன்னான்: "நீயே கட்டிக்கண்ணே. நீ மூணு நாளா சோறே துன்னலியாமே, ஃப்ளோரா அக்கா சொல்லிச்சி."

அடப்பாவி! பிச்சையா போடுகிறான்? கட்டிய பெண்டாட்டியே இப்படி மானத்தை வாங்கிவிட்டாளே! உதைப்பதிலும் இவன் உசத்தி, நல்ல மனசிலும் இவன்தான் உசத்தியா? மாஸ்டர் பட்டையோடு வந்துகொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், சிவப்பு இடுப்பில் ஏறிவிடும். ஆனால் வேம்பு நல்லவனாகிவிடுவானே!

"படல மாஸ்டர்! பொய் சொல்றான் இவன். மறுபடி வுடுங்க!"

மாஸ்டர் வேம்புவை முறைத்தார். "இன்னொரு வாட்டி நடிச்சே, இந்தப் பக்கமே வராதே."

மறுபடி நின்றார்கள். இரண்டே நிமிஷத்தில் வேம்புவின் கால் இன்னாசியின் விலாவில் இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னாசி கையைத் தூக்கினான்.

மாஸ்டர் வேம்புவுக்குச் சிவப்பைக் கட்டிவிட்டு, இன்னாசியின் தோளைப் பிடித்தார். "பட்டை அவனுக்கு. ஆனா நேர்மைன்னா இன்னான்னு இவனப் பாத்துக் கத்துக்கங்கடா."

வேம்புவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒன்ன மாரி மன்சு எனக்கு வராதுண்ணே."

அதற்குமேல் இன்னாசியால் தாங்க முடியவில்லை. "நேர்மையும் இல்ல, ஒரு கய்தையும் இல்ல! பொறாமைடா! நீ நல்லவன்னு பேர் வாங்கறது புடிக்காமச் சொன்னேன். வயிறு எரியுதுடா எனக்கு!"

வேம்பு கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

"பாத்தீங்களா, இன்னா அடக்கம்!"

வரிசையின் தலைக்குப் போய் நின்று, தன் முதல் கட்டளையை இட்டான். மொத்தப் பேரும் இன்னாசியைப் பார்த்து இடுப்பு வளையக் குனிந்தார்கள். பதிலுக்கு இன்னாசியும் குனிந்தாக வேண்டியிருந்தது.