பூஞ்சை உண்ணாத நெகிழி

கடாரத்தின் தென்புலத்தே, கோலா கெத்தில் ஊரைச் சூழ்ந்து எண்ணெய் தரும் செம்பனைகள் படையணி வகுத்தாற்போல் நிரைநிரையாய் நிற்க, அவற்றினிடையே எஞ்சிய ரப்பர்ப் பால்மரங்கள் வடுக்கள் செறிந்த தம் பட்டைகளில் இளவெயிலை ஏந்தி நிற்க, விடியற்காலை பெய்து ஓய்ந்த மழையை உண்டு பெருத்த சிற்றோடையொன்று செம்மண் கரைகளை வருடியவாறு மூடா ஆற்றை நாடி விரைந்துகொண்டிருந்தது. அவ்வோடையை அடுத்த மேட்டில் வலை வேய்ந்த ஆறு குழிகள் இருந்தன. தோட்டத்துப் பெண்டிர் நெகிழிப் பைகளைக் கழுவி உலர்த்திக் கொணர்ந்து அவற்றுள் இட்டுச் சென்றனர்.

அக்குழிகளை அமைத்தவள் யோகேஸ்வரி. கூலிம் நகரத்து ஆய்வுக்கூடமொன்றில் பதினான்கு ஆண்டுகளாய்ப் பணிபுரிபவள். வீழ்ந்து மட்கிய செம்பனைத் தண்டில் அவள் கண்டெடுத்த வெண்பூஞ்சை, நெகிழியின்மேல் பஞ்சு போர்த்தினாற்போல் படர்ந்தது. எட்டுத் திங்களில் குழியிலிட்ட நெகிழியின் எடை பாதியாய்க் குறைந்தது. செய்தித்தாள்கள் அவளைப் போற்றின. பன்னிரண்டு தோட்டங்களில் இத்தகைய குழிகள் தோண்டுவதென்று மாநிலத் தலைநகரான அலோர் ஸ்டாரின் அலுவலர் முடிவுசெய்து, தொடக்க விழாவுக்கு நாளும் குறித்தனர்.

ஆயினும், அன்பரே, அப்புகழில் பாதி பிச்சையம்மாளுக்கு உரியது. முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிப் பாலெடுத்த அவள், வீடுதோறும் குப்பை எரிந்த புகையிலேயே மூச்சிளைத்துத் தன் கணவன் மாண்டான் என்று நம்பியவள். அதனால் அறுபது வீடுகளின் வாயிலிலும் நின்று, ஏளனத்தைப் பொறுத்து, எரிப்பதை விடுமாறு கெஞ்சி இணங்கவைத்தவள் அவளே.

விழாவுக்கு முன்பாகத் தன் ஆய்வை மற்றொரு வழியாலும் உறுதிசெய்ய விரும்பினாள் யோகேஸ்வரி. பூஞ்சை நெகிழியை உண்டு செரித்திருப்பின், அது வெளிவிடும் மூச்சும் அதற்கேற்ப மிகுந்திருத்தல் வேண்டும். காற்றுப் புகாக் கண்ணாடிக் கலங்கள் சிலவற்றில் நெகிழியோடும், சிலவற்றில் நெகிழியின்றியும் பூஞ்சையை வளர்த்து அளந்தாள். இரண்டின் மூச்சும் ஒன்றாகவே இருந்தது. உடனே அவள் தோட்டத்துக்கு விரைந்து, குழிகளுக்கு மேற்புறத்தும் கீழ்ப்புறத்தும் ஓடைச் சேற்றை அள்ளிவந்து நுண்ணோக்கியில் நோக்கினாள். மேற்புறத்துச் சேற்றில் ஒரு பிடிக்கு ஒன்பது நெகிழித் துகள்கள். கீழ்ப்புறத்துச் சேற்றிலோ நூற்று நாற்பது.

பூஞ்சை உண்ணவில்லை. வெயிலும் வெப்பமும் நெகிழியை நொறுக்க, மழை அத்துகளை வலைக்கண் வழியே அரித்துச் சென்று, தோட்டத்து மக்கள் மீன் பிடிக்கும் ஓடையிலேயே சேர்த்திருந்தது. மறைந்ததென்று அவள் மகிழ்ந்த பாதி எடை அங்கேதான் கிடந்தது. நுண்ணோக்கியினின்று விழிகளை எடுத்தவள், எண்களைக் குறித்துக்கொண்டு தலைவரின் அறைக்கு நடந்தாள்.

ஆய்வுக்கூடத் தலைவர் அழகேசன் கொடியவர் அல்லர். அவள் கண்டதனைத்தையும் பொறுமையாய்க் கேட்டார்.

"விழாவை நிறுத்த வேண்டுமா, யோகேஸ்வரி? ஓராண்டு பொறுங்கள். பிழையைத் திருத்திய பிறகு சொல்லலாமே."

"அந்த ஓராண்டும் பன்னிரண்டு ஓடைகளில் இந்தத் துகள் கலக்குமே, ஐயா."

விழாவை நிறுத்துமாறு அன்றே அலோர் ஸ்டாருக்கு மடல் எழுதினாள் அவள்.

மறுநாள் மாலை தோட்டத்துப் பொதுமண்டபத்தில் மக்கள்முன் நின்று, மீனை உண்ணவேண்டாமென்றும், பிழை முற்றும் தன்னதே என்றும் ஒளியாது உரைத்தாள். பின்வரிசையிலிருந்து நகைப்பொலி எழுந்தது. பிச்சையம்மாள் எழுந்தாள்.

"வீடு வீடாப் போய்க் கும்பிட்டுக் கேட்டவ நான்மா. நாளைக்கு நான் எந்த முகத்தோட இவங்க முன்னால நிப்பேன்?"

"என்மேல் பழி போடுங்கள், அக்கா."

"பழிய யார் மேல போட்டா என்னா? அந்த மீனத்தானே என் பேத்திக்கும் ஆக்கிப் போட்டேன்!"

பிச்சையம்மாள் திரும்பிப் பாராது வெளியேறினாள்.

அடுத்த நாள் முதல் யோகேஸ்வரி விடுப்பெடுத்து, குழிகளை மூடுவதற்கு மண்வெட்டியோடு வந்தாள். நொறுங்கிய நெகிழி கலந்த மண்ணை அள்ளி, மூடியிட்ட உருளைக் கலங்களில் அடைப்பதே வேலை. எழுதுகோலும் கண்ணாடிக் குப்பியும் ஏந்திப் பழகிய கைகள் இரண்டாம் நாளே கொப்புளித்தன. நான்காம் நாள் முற்பகலில், சேறு படிந்த காலணிகளோடும் தோளில் மண்வெட்டியோடும் பிச்சையம்மாள் வந்து குழியின் மறுகரையில் நின்றாள்.

"இப்படித் தோண்டினா எல்லாம் ஓடைக்குத்தான் போவும். மொதல்ல கீழ வரப்புப் போடணும்லா. தள்ளு."

இருவரும் வரப்பிட்டனர். மன்னித்தாளா என்று யோகேஸ்வரி கேட்கவுமில்லை, அவள் கூறவுமில்லை. ஐந்தாம் நாள் மேலும் மூன்று பெண்கள் வந்தனர்.

விழா நின்றுபோயிற்று. யோகேஸ்வரியின் ஆய்வுக் குழு கலைக்கப்பட்டு, அவளுக்கு ஒரு மேசையும் பழைய நுண்ணோக்கியும் மட்டுமே எஞ்சின. தன் தோல்வியை அவள் ஆய்வுக் கட்டுரையாக்கி வெளியிட்டாள்; அதைப் படித்து, தொலைநாட்டு ஆய்வாளர் ஒருவர் தாம் தோண்டவிருந்த குழிகளைக் கைவிட்டதாக எழுதினார். தோட்டத்தில் ஏழு வீடுகள் மீண்டும் குப்பையை எரிக்கலாயின. ஏனைய வீட்டார் நெகிழியை முன்போலவே கழுவிச் சேர்த்து, நகராட்சி வண்டிக்கு அளித்தனர்.

திங்கள்தோறும் ஓடைச் சேற்றை ஆய்ந்து, துகள்களின் எண்ணிக்கையைத் தோட்டத்துக் கடைமுகப்பில் எழுதிவைப்பதென்று யோகேஸ்வரி உறுதிபூண்டாள். முதல் திங்களிலேயே, தோண்டியதால் கலங்கிய சேற்றில் எண்ணிக்கை நூற்றெழுபதாய் ஏறியிருந்தது. கரும்பலகையின்முன் சுண்ணக்கட்டியோடு அவள் தயங்கி நிற்க, காய் வாங்க வந்த பிச்சையம்மாள் அருகே வந்தாள்.

"கூடிப்போச்சா?"

"கூடிவிட்டது, அக்கா."

"அப்ப கூடிப்போச்சுன்னே எழுது. தூரத்துலேருந்து தெரியணும், பெரிசா எழுதும்மா."

எழுதினாள். அடுத்த ஆண்டுக்குள் அவ்வெண் மெல்ல இறங்கி அறுபதை அணுகிற்று. மேற்புறத்துச் சேற்றைப்போல் ஒன்பதாய்க் குறைய எத்தனை மழைக்காலம் வேண்டுமோ, அறிந்தவர் இல்லை. ஏறிய திங்களிலும் இறங்கிய திங்களிலும் யோகேஸ்வரியின் கை அதே பெரிய எழுத்தில்தான் எழுதிற்று. கடைக்கு வருவோரும் விலை கேட்குமுன் அதனைப் படித்துவிட்டே உள்ளே நுழைந்தனர்.