பின்வலது மூலை இறங்கவில்லை

1.

இந்தக் கதை ஒரு புகார்க் கடிதமாகத்தான் தொடங்கியது. கேம்பர் விற்ற கடைக்காரர் போனில், என்னென்ன கோளாறோ எல்லாவற்றையும் வரிசையாக எழுதி அனுப்பச் சொன்னார். உட்கார்ந்தேன். ஒன்று, விளக்கு. இரண்டு, கதவு. மூன்று என்று போட்டதும் கை தானாக 'என் கணவர்' என்று எழுதிவிட்டது. அதற்கு வாரண்டி கிடையாது. அழித்துவிட்டுத் தமிழில் எழுத ஆரம்பித்தேன்.

கதை என்றால் தொடக்கம் நன்றாக இருக்க வேண்டுமாமே. முயன்று பார்த்தேன்:

டெக்சாஸின் எல்லையில்லா வானத்தின் கீழே, சிறகு மடக்கிய வெள்ளைப் பறவை போல அந்த வண்டி...

பறவையும் இல்லை, ஒன்றும் இல்லை. சுகர் லேண்டில் எங்கள் வீட்டு டிரைவ்வேயில் நின்றது சக்கரம் வைத்த ஒரு பெரிய சூட்கேஸ். வேனுக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகலாம். போன இடத்தில் கைப்பிடியைச் சுற்றினால் கூரை மேலே எழும்பும், இரண்டு பக்கமும் கட்டில் வெளியே நீளும், சுற்றிலும் கேன்வாஸ் துணி. திருப்பிச் சுற்றினால் மறுபடி சூட்கேஸ். கடையில் அப்படித்தான் செய்து காட்டினார்கள்.

2.

என் பெயர் வசந்தாமணி. உடுமலைப்பேட்டை. எம்.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி படித்துவிட்டு, வேலைக்குப் போக அனுமதியில்லாத விசாவில் ஆறு வருஷம் வீட்டுக்குள் இருந்தவள். "ஊருக்கே போயிரலாமுங்க" என்று நான் சொல்லாத மாதம் கிடையாது. "கிரீன் கார்டு வரட்டும், அப்பறம் டிசைட் பண்ணிக்கலாம்" என்பது என் கணவர் திருமூர்த்தியின் ஒரே பதில். அவர் எண்ணெய் கம்பெனி ஒன்றில் மெக்கானிக்கல் இன்ஜினியர்.

1997 மார்ச்சில் கார்டு வந்தது. மூன்றாவது வாரம், ஒரு சனிக்கிழமை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இந்த வண்டியை இழுத்துக்கொண்டு வந்து நின்றார். அதுதான் அவருடைய முடிவு என்று எடுத்துக்கொண்டேன். ஊருக்குக் கிளம்புகிறவன் எவனாவது கேம்பர் வாங்குவானா? இரண்டு மாதம் நான் அதைத் தொடக்கூட இல்லை.

(இந்த இடத்தில் உங்களுக்கு என்மேல் இரக்கம் வரும்படி எழுதியிருக்கிறேன். கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். நானும் அவரிடம் ஒன்றை மறைத்திருந்தேன்.)

3.

மே மாத லாங் வீக்கெண்டுக்கு லிவிங்ஸ்டன் ஏரிக்குப் போவதென்று ஏற்பாடு. நாங்கள் இரண்டு பேர், பத்து வயது மகள் தென்றல்.

கிளம்பும்போதே முதல் கோளாறு. அவர் பிரேக்கை மிதித்தால் பின்னால் வண்டியில் இடதுபக்க இண்டிகேட்டர் எரிந்தது. இண்டிகேட்டர் போட்டால் எல்லாமே மினுக்கியது.

"மேனுவலப் பாருங்க."

"மேனுவலெல்லாம் ஒண்ணும் தெரியாதவங்களுக்கு, அம்மிணி."

ஒன்றரை மணி நேரம் வேனுக்கடியில் படுத்து ஒவ்வொரு பல்பாகக் கழற்றி மாட்டினார். தென்றல் மேனுவலை எடுத்துப் படித்து, வெள்ளை எர்த் வயர் வண்டிச் சட்டத்தில் சரியாக ஒட்டியிருக்கிறதா பார்க்கச் சொல்லியிருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னாள். வயரைத் திருகியிருந்த இடத்தில் பெயிண்ட் சுரண்டப்படாமலே இருந்தது. சுரண்டினார். எல்லா விளக்கும் ஒழுங்காக எரிந்தன. மகளுக்கு ஒரு தேங்க்ஸ்கூடச் சொல்லவில்லை.

ஏரிக்கரைப் பூங்காவில் இரண்டாவது கோளாறு. கதவு மூடவில்லை. எங்களுக்குக் கொடுத்த இடம் ஒருபக்கம் சாய்வு. வண்டியின் நாலு மூலையிலும் இருக்கும் ஜாக்கியை வைத்து மொத்த வண்டியையும் தூக்கிச் சமம் பண்ணியிருந்தார். சட்டமே முறுக்கிக்கொண்டது. சக்கரத்துக்கடியில் பலகை வைத்துத்தான் சமம் பண்ண வேண்டும், ஜாக்கி ஆடாமல் பிடிப்பதற்கு மட்டும் என்று மேனுவல் சொல்கிறதாம்.

"டாட், இட்ஸ் ஆன் பேஜ் ஃபோர்," என்றாள் தென்றல்.

"ஃபேக்டரில கதவ அளவு தப்பா வெட்டியிருக்கான்," என்றார் இவர்.

அன்றிரவு கதவை என் துப்பட்டாவால் கட்டிவைத்துத் தூங்கினோம்.

(திருமூர்த்தியை நான் ரொம்ப முட்டாளாக எழுதுகிறேனோ? இரண்டு தடவை திருத்திப் பார்த்தேன். திருத்தினால் பொய்யாகிறது. அவர் நல்ல இன்ஜினியர். ஆபீஸில் கேட்டுப் பாருங்கள்.)

4.

மறுநாள், சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வானம் பச்சையும் கறுப்புமாக மாறியது. காற்று சுத்தமாக நின்றுபோனது. பூங்காவின் ரேஞ்சர் டிரக்கில் மைக் வைத்துக்கொண்டு வந்தார். டொர்னேடோ, அதாவது சுழல்காற்று, எச்சரிக்கை. எல்லோரும் உடனே செங்கல் குளியலறைக் கட்டடத்துக்குப் போக வேண்டும்.

நான் தென்றலின் கையைப் பிடித்தேன். இவர் கட்டில்களை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்.

"விட்டுட்டு வாங்க!"

"கூரைய எறக்காமப் போனா காத்து பிச்சுட்டுப் போயிரும். ரெண்டே நிமிஷம்."

கைப்பிடியைச் சுற்றினார். மூன்று மூலை இறங்கியது. பின்வலது மூலை மட்டும் நெஞ்சுயரத்தில் அப்படியே நின்றது. கூரை சாய்ந்து கோணலாகத் தொங்கியது. ரேஞ்சர் ஹார்ன் அடித்தார். "நீ அவர்கூடப் போ தங்கம், நான் அப்பாவக் கூட்டிட்டு வர்றேன்" என்று தென்றலை டிரக்கில் ஏற்றினேன். அவள் கண்ணாடி வழியாக எங்களையே பார்த்துக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு நான் சொன்னதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான்...

இல்லை, எழுதிவிடுகிறேன். "உங்களுக்கு இந்த டப்பாவும் இந்த ஊரும் போதும். நானும் புள்ளையும் எக்கேடு கெட்டா என்ன!" என்று கத்தினேன்.

அவர் அந்த மூலையைப் பிடித்துக் கீழே அழுத்திக்கொண்டே கத்தினார். "ஊருக்குப் போறதுக்கு முந்தி புள்ளைக்கு இந்த நாட்ட ஒருக்கா சுத்திக் காட்டிப்போடலாம்னுதான் வாங்கினேன்! செப்டம்பர்ல ரிசைன் பண்றேன். சர்ப்ரைசா சொல்லலாம்னு இருந்தேன், போதுமா?"

பதில் சொல்ல வாய் திறந்தேன். அந்த நிமிஷம் உள்ளே ஏதோ விடுபட்டு, மூலை தடாலென்று விழுந்தது. அவருடைய வலதுகை விரல்கள் கூரைக்கும் பெட்டிக்கும் நடுவில். அவர் அப்படிச் சத்தம் போட்டு அதுவரை நான் கேட்டதில்லை.

கைப்பிடியை நான் தொட்டதே கிடையாது. ஓடிப்போய்ச் சுற்றினேன். எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியவில்லை. முதல் சுற்று தப்பு. அவர் இன்னொரு தடவை கத்தினார். மாற்றிச் சுற்றினேன். கூரை இரண்டு அங்குலம் எழும்பியது. கையை உருவிக்கொண்டார். மழை கல்லெறிவது போல அடித்தது. அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன்.

5.

குளியலறைக் கட்டடத்தில் முப்பது பேர், நாலு நாய், ஈரத் துண்டு வாசனை. தென்றல் எங்கள் இரண்டு பேரையும் ஒரே கட்டாகக் கட்டிக்கொண்டாள். அவருடைய கையைத் துண்டில் சுற்றி என் மடியில் வைத்துக்கொண்டேன். நடுவிரலும் மோதிர விரலும் முறிந்திருந்தன என்று பிறகு தெரிந்தது.

அப்போதுதான் சொன்னேன். "மெடிக்கல் சென்டர்ல லேப் வேலை. போன திங்கக்கிழமை ஓகே சொல்லிட்டேன். ஜூன் ரெண்டாந்தேதி ஜாயின் பண்ணணுமுங்க."

வலியில் சுருங்கியிருந்த முகத்தோடு என்னையே பார்த்தார். "அப்ப ஆறு வருஷமா ஊருக்குப் போலாம், போலாம்னு என் உயிர வாங்குனது?"

"அது வேலையில்லாதப்ப."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலாமில்ல?"

"நீங்க கேம்பர் வாங்கறப்ப சொன்னீங்களா?"

தென்றல் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள். "ஸோ ஆர் வி கோயிங் ஆர் நாட்?"

"இல்ல கண்ணு, இருக்கறோம்," என்றார் அவர். அதே நொடியில் நான், "ஆமா கண்ணு, போறோம்" என்றேன்.

6.

டொர்னேடோ ஏரிக்கு வடக்கே திரும்பிப் போய்விட்டது. வண்டிக்குப் பெரிய சேதம் இல்லை, கேன்வாஸ் ஒரு முழம் கிழிந்தது. அவர் கையில் கட்டோடு சோபாவில் உட்கார்ந்து, முதல் தடவையாக மேனுவலைப் படிக்கிறார்.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். முதலாவதில் குளியலறைக் கட்டடத்திலேயே இருவரும் சிரித்துக் கட்டிக்கொள்கிறார்கள். நடக்கவில்லை. எமர்ஜென்சி ரூமில் ஐந்து மணி நேரம் வாய்ச்சண்டைதான் போட்டோம். இரண்டாவதில் நான் வேலைக்குப் போகிறேன், அவர் ஊரை நினைத்து உள்ளுக்குள் வாடுகிறார். மூன்றாவதில் விமானம் ஏறுகிறோம், நான் வாடுகிறேன். இரண்டையும் கிழித்துப் போட்டேன்.

இன்று ஜூன் ஒன்று. நாளைக் காலை எட்டு மணிக்கு நான் லேபில் இருக்க வேண்டும், அல்லது அதற்குள் போன் பண்ணி வரவில்லை என்று சொல்ல வேண்டும். காலையிலிருந்து சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் ஒரே பேச்சு.

"உன் இஷ்டம் அம்மிணி. நீ படிச்ச படிப்பு. நான் ரிசைன் பண்ணல."

"உங்க இஷ்டமுங்க. நீங்க ஊருக்குப் போக மனசு வெச்சிட்டீங்க. வேலை எங்க போயிருது?"

ஆறு வருஷம் சண்டை போட்டபோதுகூட எனக்கு இவ்வளவு எரிச்சல் வந்ததில்லை. சண்டையில் ஒருவராவது ஜெயிப்பார். இப்படி இருவரும் போட்டிபோட்டு விட்டுக்கொடுத்தால் யார்தான் முடிவெடுப்பது? தென்றலைக் கேட்டோம். தலையணையை எடுத்து முகத்தில் மூடிக்கொண்டாள்.

அதனால் உங்களிடம் கொண்டுவந்திருக்கிறேன். எங்களைப் பற்றித் தெரிய வேண்டியதெல்லாம் சொல்லியாகிவிட்டது. போவதா, இருப்பதா, ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள். தயவுசெய்து, 'உங்க இஷ்டம்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.