பெனிட்டாவின் மொழிபெயர்ப்பு

குடியைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லக் குடித்தவனையே கூப்பிட்டார் எங்கள் போதகர். கூப்பிட்டது என் வீட்டுக்காரர் ஜெபசிங்கை. அதோடு விட்டாரா? அவர் பேசுவதை இந்தியில் மொழிபெயர்க்க எங்கள் மகள் பெனிட்டாவையே நிறுத்தினார். வெள்ளந்தியாகச் செய்தாரா, வேண்டுமென்றே செய்தாரா, கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

டில்லியில் நாங்கள் இருந்த மதராசி கேம்ப் குடிசைகளை இடித்த பிறகு என் வீட்டுக்காரர் ஊர்க்கோடியில், நரேலாவில் இருக்கிறார். எனக்கும் பெனிக்கும் பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே, போகல் பகுதியில் ஒற்றை அறை. அவர் குடியை விட்டு ஒரு வருடமாகிறது. "வீட்டுக்கு வரட்டா?" என்று போனில் கேட்கும்போதெல்லாம், "பெனி கூப்பிட்டா வாங்க" என்பேன். அவளோ அப்பாவிடம் பேசுவதே இல்லை. மீன் குழம்பு வைத்தால் அவருக்கென்று ஒரு துண்டு கூடப் போட்டுவிட்டு, கடைசியில் நானே தின்கிறேன். எனக்கு அவர் வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

ஆராதனை முடிந்ததும் விடலைப் பிள்ளைகள் பாயில் வந்து உட்கார்ந்தார்கள். எல்லாம் டில்லியில் பிறந்ததுகள், தமிழ் பாட்டோடு சரி. இவருக்கோ ஆட்டோ ஓட்டுமளவுக்கு இந்தி புரியும், மனசைத் திறந்து பேச வராது. எங்கள் சபையில் மொழிபெயர்ப்பவர் 'அவர் சொல்கிறார்' என்று சொல்லக்கூடாது. பேசுகிறவர் 'நான்' என்றால் மொழிபெயர்ப்பவரும் 'நான்' என்றே சொல்ல வேண்டும்.

"நான் மொத மொத கல்யாண வீட்டுலதான் குடிச்சேன்" என்று ஆரம்பித்தார். பெனி தரையைப் பார்த்தபடி பிசகாமல் இந்தியில் சொன்னாள்.

"ஒருநாள் பிள்ளைய ஸ்கூல்ல இருந்து கூட்டியார மறந்துட்டேன்."

பெனி இந்தியில், "நான் மறக்கவில்லை. வந்தேன். கேட் முன்னால் ஆட்டோவிலேயே சரிந்து கிடந்தேன். எல்லாரும் பார்த்தார்கள்" என்றாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா. அதான் சரி" என்றார். அதையும் மொழிபெயர்த்தாள்.

அன்பு என்றொரு பையன். பெயர் மட்டும்தான் தமிழ். "இப்போ உங்களுக்கு என்ன ஆசை, அங்கிள்?" என்று இந்தியில் கேட்டான்.

"வீட்டுக்குப் போவணும்."

"முஜே கர் ஜானா ஹை" என்றாள் பெனி.

"தோ ஜாயியே நா, அங்கிள்!"

பெனி இப்போதுதான் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். "போவ வேண்டியதுதானேன்னு கேக்கான்."

"கூப்பிடணும்லா" என்றார்.

சொல்லுடி, சொல்லித் தொலை என்று பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு மனசு அடித்துக்கொண்டது.

பெனி பிள்ளைகள் பக்கம் திரும்பி, "கிறிஸ்மஸுக்குப் போகிறேன். அதுவரை குடிக்காமல் இருந்தால்" என்று இந்தியில் சொன்னாள்.

அவர் அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

அது ஜூலை மாதம். பாவிமகள், இவ்வளவு தூரமா தள்ளிப்போடுவாள்? வரும் வழியில் மீன் வாங்கினேன். குழம்பில் அன்றும் ஒரு துண்டு கூடப் போட்டேன். பெனி எட்டிப் பார்த்தாள்.

"கிறிஸ்மஸ் டிசம்பர்லம்மா" என்றாள்.