காது உயரம்

"தலையைச் சாய்க்காதக்கா. நேரா உக்காரு."

"நேராத்தான்டி உக்காந்திருக்கேன். உன் கண்ணுதான் கோணல்."

அக்காவைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த நர்ஸ், நூலின் ஒரு முனையை அவளுடைய இடது காதோடு சேர்த்துப் பிடித்திருந்தார். மறு முனையைச் சின்னவள் கணினி மேஜைக்கு மேலாக இழுத்துக்கொண்டு போய்ச் சுவரில் வைத்தாள். நூல் தொட்ட இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. பிறகு வலது காது. இன்னொரு புள்ளி. புள்ளிக்கு ஒரு இரும்புத் தாங்கி, தாங்கிக்கு ஒரு ஸ்பீக்கர். புத்தக அலமாரியில் செருகி வைக்கிற அளவுள்ள மரப்பெட்டி ஸ்பீக்கர்கள். இதுவரை மேஜைமேல், திரைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தவை.

வாசலில் நின்ற அண்ணன் காலையிலிருந்து சொல்லிவருவதை மறுபடியும் சொன்னார். "படுக்கைக்கு நேரா வைங்கன்னு சொல்றேன். யாருக்காக வைக்கிறீங்க? படுத்திருக்கிற ஆளுக்குத்தானே?"

"உக்காந்திருக்கிற ஆளுக்கு" என்றாள் அக்கா.

"எத்தனை நாளைக்கு உக்காருவ?"

நர்ஸ் நூலை விரலில் சுற்றத் தொடங்கினார். சுற்றி முடித்ததும் அதைப் பிரித்து மறுபடியும் சுற்றினார்.

"இன்னிக்கு உக்காந்திருக்கேன்ல?" என்றாள் அக்கா. "சின்னவளே, நீ ஓட்டையப் போடு."

அக்காவின் வேலை, பதிவான குரல்களைச் சுத்தம் செய்வது. இருமல், நாற்காலியின் கிரீச்சல், காகிதம் புரளும் ஓசை, எச்சில் விழுங்குவது, மூச்சு இழுப்பது எல்லாவற்றையும் திரையில் கோடுகளாகப் பார்த்து வெட்டி எடுப்பாள். யாராவது என்ன வேலை என்று கேட்டால், "மூச்சை வெட்டுறேன்" என்பாள். கேட்டவர்கள் ஓரடி பின்னால் நகர்வதில் அவளுக்கு ஒரு சந்தோஷம். தலையில் அறுவை நடக்கும்வரை எல்லாம் ஹெட்போனில்தான். இப்போது தையல் போட்ட இடத்தில் தலையணை பட்டாலே உயிர் போகிறது. ஹெட்போன் பட்டையை மாட்ட வழியில்லை. ஸ்பீக்கரை மேஜையில் வைத்துக் கேட்பது அவளுக்கு ஒத்துவரவில்லை. "மேஜையும் சேர்ந்து பேசுது. ஆள் எது, பலகை எதுன்னு தெரியல."

கையில் ஒரே ஒரு வேலை மிச்சம் இருந்தது. பேருந்துகளுக்குள் ஒலிக்கப்போகும் அறிவிப்புகள். ஒலிப்பதிவுக் கூடத்துக்காரர் போனில் மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "மேடம், நீங்க ரெஸ்ட் எடுங்க. மீதியை வேற ஆள்கிட்ட குடுத்துக்கிறோம்." அக்கா அதைவிட மரியாதையாகப் பதில் சொன்னாள்: "சார், நான் இன்னும் சாகல. முடிச்சுட்டுத்தான் தருவேன்." லேப்டாப்பை வயிற்றில் வைத்துக்கொண்டு, படுக்கையிலேயே வெட்ட வேண்டியதை எல்லாம் வெட்டிவிட்டாள். நல்ல ஸ்பீக்கரில், நாற்காலியில் உட்கார்ந்து, ஒருமுறை முழுதும் கேட்டுவிட்டு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் பாக்கி. கேட்காமல் அவள் இதுவரை எதையும் அனுப்பியதில்லை. படுத்துக்கொண்டு கேட்டது கேட்ட கணக்கில் சேராது.

அண்ணன் டைல்ஸ் கடைக்காரர். தரை ஒரு நூல் சரிந்திருந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது. மட்டம் பார்க்கிற ரசமட்டம் எப்போதும் அவர் வண்டியில் கிடக்கும். அக்கா அவருக்கு வைத்திருந்த பெயரே 'ரசமட்டம்'. இந்த வேலைக்கு அதைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். சின்னவள் கேட்கவில்லை. கேட்டால் கொடுப்பார், கூடவே காலையில் பேசியதை எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

தவிர, அவளுக்கு அவள் கண்ணே போதும். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஒருவருக்கும் இரண்டு காதும் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை என்பது அங்கே அவள் முதலில் தெரிந்துகொண்டது. மேஜைமேல் வைத்து ஃபிரேமை நேராக்கினால் முகத்தில் கோணலாக நிற்கும். முகம் எப்படியோ அப்படித்தான் கம்பியை வளைக்க வேண்டும்.

துளையிடும் இயந்திரம் சுவரில் இறங்கியதும் வீடே பல்லைக் கடித்தது. நாற்காலியைவிட்டு இறங்க மறுத்த அக்கா, துண்டை மூக்கில் பொத்திக்கொண்டு கண்ணைச் சுருக்கிப் பார்த்திருந்தாள். வெள்ளைத்தூள் மேஜையில் கொட்டியது. கீழ்வீட்டுக்காரர் மாடி ஏறி வந்து அண்ணனுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"உடம்பு முடியாதவங்க இருக்கிற வீட்டுல இதென்னங்க சத்தம்?"

"முடியாதவதாங்க போடச் சொன்னா" என்றாள் அக்கா, துண்டை விலக்கி. "முடிஞ்சவங்க எல்லாம் வேணாம்னுதான் சொன்னாங்க."

அவர் வந்த வழியே இறங்கிப் போனார்.

துளைகளில் பிளாஸ்டிக் முளைகளை அடித்து, தாங்கிகளைத் திருகி, ஸ்பீக்கர்களை ஏற்றி, வயரை மேஜைக்குப் பின்னால் இறக்கினாள் சின்னவள். ஸ்பீக்கர்களின் முகத்தைக் கொஞ்சம் உள்பக்கமாகத் திருப்பினாள். அக்காவே கையை நீட்டி மவுஸைப் பிடித்தாள். யாரும் உதவிக்கு வராதபடி ஒரு பார்வை பார்த்துவிட்டு அமுக்கினாள்.

*படியில் நிற்க வேண்டாம். உள்ளே இடம் இருக்கிறது.*

நிதானமான பெண்குரல். அறைக்குள் ஒருத்தி வந்து நின்றது போல இருந்தது.

"எந்த பஸ்ல உள்ள இடம் இருக்கு?" என்றாள் அக்கா. "பச்சைப் பொய். ஆனா அந்தப் பொய்யச் சொல்றதுக்கு முன்னாடி ஒரு மூச்சு இழுக்குறா பாரு. அதை எடுக்கச் சொல்றாங்க. நான் எடுக்கல."

"எடுக்கச் சொன்னா எடுத்துட வேண்டியதுதானே?" என்றார் அண்ணன்.

"எடுத்துட்டா மெஷின் சொல்லுதுன்னு ஒருத்தனும் நகர மாட்டான். மூச்சு இருந்தாத்தான், யாரோ பாத்துட்டுச் சொல்றாங்கன்னு காலைத் தூக்கி உள்ள வைப்பான்."

இன்னொரு முறை ஓட்டினாள். முகம் மாறியது.

"குரல் நடுவுல இல்லடி. இடது பக்கம் வழியுது."

சின்னவள் பின்னால் போய் நின்று பார்த்தாள். இடது ஸ்பீக்கர் வலதைவிட இரண்டு விரல்கடை கீழே இருந்தது. பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகூடக் கண்டுபிடிக்கும் கோணல். இவ்வளவு நேரம் அவள் கண்ணில் எப்படிப் படாமல் போனது என்று திகைத்து, அக்காவைப் பார்த்தாள். அக்கா இடது பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அறுவைக்குப் பிறகு அவள் அப்படித்தான் உட்காருகிறாள். வலி அந்தப் பக்கம் இழுத்துவைத்திருந்தது. பார்த்துப் பார்த்து வீட்டில் எல்லோருக்கும் அதுவே நேராகிவிட்டது.

"என் காதுக்கு வச்சுட்டியா?" என்றாள் அக்கா. "ஸ்பீக்கர் என்னடி, மூக்குக்கண்ணாடியா?"

சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்தால் தலை வலிக்கும் என்று தெரிந்தே சிரித்தாள். நர்ஸும் சிரித்துவிட்டார். "வண்டியில ரசமட்டம் இருக்கு" என்று அண்ணன் கதவு நிலையைப் பார்த்துச் சொன்னார். யாரும் கேட்காததால் எடுத்துவரவில்லை.

"நாளைக்குத் தூக்கி வை" என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "சாஞ்சது நானு. சுவரு என்ன பாவம் பண்ணுச்சு?"

"அப்பக் கேட்டு அனுப்பிடுவியா?"

"குரல் இந்தத் திரைக்கு நடுவுல நிக்கணும். உள்ள ஒரு ஆள் உக்காந்து பேசுற மாதிரி. நின்னா அனுப்பு. நிக்கலைன்னா அனுப்பாத."

"நான் எதுக்கு? நீயே அனுப்பு."

"நான்தான் அனுப்புவேன். சும்மா சொல்லி வைக்கிறேன்."

சின்னவளும் நர்ஸுமாக அவளைப் படுக்கையில் சாய்த்தார்கள். அந்த ஒரு வாசகத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிடச் சொன்னாள், சத்தத்தைக் குறைத்து. சின்னவள் ஓடவிட்டு, மேஜைத் தூளை ஈரத்துணியால் துடைத்தாள். *படியில் நிற்க வேண்டாம்.* மூச்சு. *உள்ளே இடம் இருக்கிறது.* ஒவ்வொரு முறையும் அந்த மூச்சு வரும் இடத்தில் அக்காவின் ஆள்காட்டிவிரல் போர்வையிலிருந்து லேசாக எழுந்து படுத்தது. வேலை செய்யும்போது அவளுக்கு அது பழக்கம்.

துணியை அலசிக்கொண்டு வந்தாள். மேஜைக்குக் கீழே துடைத்தாள். நிமிர்ந்தபோது மூச்சு வந்தது. விரல் எழவில்லை. கண் அசந்திருப்பாள் என்று காத்திருந்தாள். வாசகம் மறுபடி தொடங்கியது. மூச்சு வந்தது. விரல் அப்படியே கிடந்தது.

"சிஸ்டர்" என்றாள்.

நர்ஸ் குனிந்து பார்த்துவிட்டு, நிமிராமல் நின்றார். உள்ளே இடம் இருக்கிறது, உள்ளே இடம் இருக்கிறது என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டே இருந்தாள். அண்ணன் வந்துதான் பிளக்கைப் பிடுங்கினார்.

அடுத்த நாள் எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது, கூடத்தில் நாற்காலிகள் போதாமல் அக்காவின் நாற்காலியையும் இழுத்துப் போட்டிருந்தார்கள். யாரோ அதன் உயரத்தைத் தாழ்த்தியிருந்தார்கள். அதில் உட்கார்ந்திருந்த உறவுக்காரர் எழுந்ததும் சின்னவள் அதை அறைக்குள் தள்ளிக்கொண்டு போனாள். படுக்கையில் விரிப்பு இல்லை. சுவரில் ஸ்பீக்கர்கள் கோணலாக அவளைப் பார்த்தன.

அக்காவின் போன் அடித்தது. ஒலிப்பதிவுக் கூடத்துக்காரர். செய்தி அவருக்கு எட்டியிருந்தது. தயங்கித் தயங்கி வருத்தம் சொன்னார். பிறகு, "அந்த வேலையைப் பத்தி நீங்க மனசுல போட்டுக்காதீங்கம்மா. வேற ஆள் பாத்துக்குவாங்க" என்றார்.

"வேற ஆள் வேணாம் சார். அக்கா முடிச்சுட்டா."

"அப்படியா? அனுப்பலையே."

"இன்னிக்கு வரும்."

போனை வைத்துவிட்டுத் துளையிடும் இயந்திரத்தின் வயரைப் பிரித்தாள். சத்தம் இன்னும் எழவே இல்லை. அதற்குள் அண்ணன் வாசலில் நின்றார். அழுது முகம் வீங்கியிருந்தது.

"என்ன பண்ற?"

"இடதைத் தூக்கி வைக்கிறேன்."

"இன்னிக்கா?"

"நாளைக்குன்னு நேத்து சொன்னா. நேத்துக்கு நாளைக்கு இன்னிக்குத்தான்."

"வெளிய அத்தனை பேர் உக்காந்திருக்காங்க." குரலைத் தாழ்த்தினார். "அதை அப்படியே விட்டுடும்மா. அவ சாஞ்சு உக்காந்த சாய்வு அது. அதையாவது வச்சுக்குவோம்."

சின்னவள் திருகாணியில் திருப்புளியை வைத்தாள். "அண்ணா, அவ சாய்வா உனக்கு வேணும்?"

அவர் கண் இடது ஸ்பீக்கருக்குப் போனது.

"அவ உக்காந்தது தெரியல, சாஞ்சதுதான் எல்லாருக்கும் தெரியுது. படுக்கைக்கு நேரா வைங்கன்ன. இப்ப வலிக்கு நேரா விட்டுடுங்கற. அவ என்ன சொன்னாளோ அதை ஒருத்தராவது செய்யணுமா வேணாமா?"

கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. கூடத்தில் பேச்சு நின்றது. கீழ்வீட்டுக்காரர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். அண்ணன் திரும்பி, யாரையும் பார்க்காமல் கூடத்தைக் கடந்து படியிறங்கிப் போனார்.

போகட்டும். ஸ்பீக்கரை இறக்கிப் படுக்கையில் வைத்தாள். தாங்கியைக் கழற்றினாள். பழைய துளைகள் இரண்டும் வாயைத் திறந்துகொண்டு நின்றன. எவ்வளவு தூக்க வேண்டும்? இரண்டு விரல்கடை. யார் விரல்? சுவரில் கையை வைத்துப் பார்த்தாள். தள்ளி நின்று பார்த்தாள். இப்போது அவள் கண்ணை அவளாலேயே நம்ப முடியவில்லை.

பின்னாலிருந்து ஒரு நீளமான அலுமினியப் பட்டை அவள் தோளுக்கு மேலாக வந்தது. அதில் சிமென்ட் காய்ந்திருந்தது. அண்ணன் அதன் ஒரு முனையை வலது தாங்கியின் மேல் வைத்து, மறு முனையை இடது பக்கம் பிடித்தார். கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி ஓடியது. நின்றது. மறுபடி நகர்ந்தது.

"கை ஆடுது உனக்கு" என்றாள் சின்னவள்.

"தெரியுது. நீ அந்த முனையைப் பிடி."

பிடித்தாள். குமிழி இரண்டு கோடுகளுக்கும் நடுவில் வந்து அமர்ந்தது. அவர் சட்டைப்பையிலிருந்து கடைப் பென்சிலை எடுத்துப் புள்ளி வைத்தார். "இங்க. உள்ள கரண்டு வயர் ஓடுதான்னு பாத்துட்டுப் போடு."

இயந்திரம் அலறியது. கூடத்தில் யாரோ "என்னதான் பிறவிகளோ" என்றார்கள். யாரோ உச்சுக்கொட்டினார்கள். அண்ணன் போய் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார், முதுகைக் கூடத்துக்குக் காட்டி. "கொஞ்ச நேரம் சத்தம் இருக்கும். முடியாதவங்க கீழ போய் உக்காரலாம்" என்று திரும்பாமலேயே சொன்னார்.

ஒருவரும் போகவில்லை.

முளை, தாங்கி, திருகாணி, வயர். பழைய துளைகளைப் பூசட்டுமா என்று அண்ணன் சைகையில் கேட்டார். வேண்டாம் என்று தலையசைத்தாள். தூளையும் அவள் துடைக்கவில்லை. பிளக்கைச் செருகிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அது தாழ்ந்தே இருந்தது. ஸ்பீக்கர்கள் இரண்டும் அவள் தலைக்கு மேலே வேறு யாரையோ பார்த்துக்கொண்டிருந்தன. அக்கா உயரம். இவள் அப்படி இல்லை.

எழுந்து, இருக்கைக்கு அடியிலிருந்த பிடியை இழுத்தாள். நாற்காலி சீறிக்கொண்டு மேலே வந்து நின்றது. மேஜையைப் பிடித்து அதில் ஏறி உட்கார்ந்தாள். முதுகை நேராக்கினாள். காதுகள் ஸ்பீக்கர்களுக்கு நேராக வந்தன.

மவுஸை அமுக்கினாள்.

*படியில் நிற்க வேண்டாம்.*

மூச்சு. திரைக்கு நடுவில், எந்தப் பக்கமும் வழியாமல்.

"நிக்குதா?" என்றார் அண்ணன்.

சின்னவள் விரலைத் தூக்கி, இரு என்றாள். முழுதும் கேட்க வேண்டும். அவள் பாதங்கள் இரண்டும் தரையில் படாமல் தொங்கிக்கொண்டிருந்தன.