பார்ஸ்வெல்ட்டில் திரும்பிய கூண்டு

1971 அக்டோபர் பன்னிரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, பார்ஸ்வெல்ட் கிராமத்தில் டியேர்ட் வியர்ஸ்மாவின் களஞ்சியத்தில் கிடந்த போர் விமானத்துத் துப்பாக்கிக் கூண்டு, யாரும் தொடாமல் இடது பக்கம் நாற்பது பாகை திரும்பியது. அன்று காற்று இல்லை. பீட் கிழங்கு அறுவடை பாதி முடிந்திருந்தது.

பதினான்கு வருடம் முன்புவரை அந்தக் கிராமம் இருந்த இடம் கடலடித் தரை. அணை கட்டி, தண்ணீரை இறைத்து வெளியேற்றி, களிமண்ணை உழத் தொடங்கியதிலிருந்து கலப்பையில் ஏதாவது சிக்கிக்கொண்டேதான் இருந்தது. டியேர்டின் வயலில் சிக்கியது 1943 மே மாதம் விழுந்த ஆங்கிலேயக் குண்டுவீச்சு விமானம் ஒன்றின் பின்பாதி. ராணுவத்தார் குண்டுகளையும் துப்பாக்கிகளையும் எடுத்துப் போனார்கள். நான்கு பேரின் எலும்புகளைப் பெட்டிகளில் வைத்துக் கொண்டுபோனார்கள். வாலில் இருந்த கூண்டை மட்டும் வீட்ஸ்கே ஹூக்மன் பார்ப்பதற்காக விட்டுச் சென்றார்கள்.

வீட்ஸ்கேக்கு நாற்பத்தெட்டு வயது. பக்கத்து ஊர்த் தையல் இயந்திரத் தொழிற்சாலையில் பல்சக்கரங்களைச் சோதிக்கும் வேலை. விடுமுறை நாட்களில் வயல்களில் கிடைக்கும் துண்டுகளைப் பார்த்து, எந்த விமானத்தில் எந்த இடத்து உறுப்பு என்று சொல்வாள், இதுவரை தவறியதில்லை. இந்தக் கூண்டை ஒரு மணி நேரத்தில் பாதி கண்டுபிடித்துவிட்டாள். எஞ்சினிலிருந்து குழாய் வழியாக எண்ணெய் வந்து திருப்பும் வகை அல்ல; மின்மோட்டார் உட்காரும் தட்டு கூண்டுக்குள்ளேயே இருந்தது. ஆகவே இது ஹாலிஃபாக்ஸ் ரக விமானம். ஆனால் அன்றிரவு அந்தப் பக்கம் காணாமல் போனவை இரண்டு ஹாலிஃபாக்ஸ்கள், ஒவ்வொன்றிலும் ஏழு பேர். எண் பொறித்த தகட்டை உப்பு தின்றிருந்தது. அடக்கம் அடுத்த புதன்கிழமை. அதற்குள் எந்த விமானம் என்று தெரியாவிட்டால் கல்லில் பெயர் வராது, "அறியப்படாத வீரர்" என்றுதான் வரும் என்று ஆங்கிலேய அரசின் அமைச்சகம் பதினான்கு வீடுகளுக்கும் எழுதிவிட்டது.

அவள் சுத்தியலும் தூரிகையுமாக உட்கார்ந்திருந்தபோதுதான் கூண்டு திரும்பியது. அதன் பல்வளையம் துருவேறி ஒரே கட்டியாகியிருந்தது. முந்தைய நாள் இரண்டு பேர் கடப்பாரை போட்டும் அசைக்க முடியவில்லை. டியேர்ட் தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டுக்கொண்டான், எதிரே கட்டியிருந்த கன்றை அவிழ்த்து வேறு மூலையில் கட்டினான்.

"துப்பாக்கியே இல்ல, எதுக்குப் பயப்படுற?" என்றாள் வீட்ஸ்கே.

"பயமில்லாதவ, நீயே போய் அது முன்னாடி நில்லேன்."

அவள் நிற்கவில்லை. வரைபடத்தையும் கோணமானியையும் எடுத்து, மூன்று நாட்கள் அங்கேயே இருந்து, கூண்டு எந்த நேரத்தில் எந்தப் பக்கம் திரும்பியது என்று எழுதினாள். வெள்ளிக்கிழமை அந்தந்த நேரத்தில் அந்தந்த இடத்தில் யார் இருந்தார்கள் என்று விசாரித்தாள். எல்லாக் கோடுகளும் வாய்க்கால் தூர்வாரும் ரீக்கெல்ட் பாக்கரிடம் போய் முடிந்தன. கடல் இருந்த காலத்தில் அவர் மீனவர். செய்தி மாலைக்குள் பரவியது. தேவாலயத்தில் அவர் வரிசையில் இருந்தவர்கள் எழுந்து அடுத்த வரிசைக்குப் போனார்கள். முடிதிருத்துபவர், எல்லாரும் போன பிறகு வரச் சொன்னார். கூண்டுக்குத் தப்ப, ரீக்கெல்ட் வடக்குச் சாலையைச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தார். கூண்டில் துப்பாக்கி தாங்கும் வெற்றுக் கைகள், சுவருக்கு அப்பாலிருந்தும், அவரோடு சேர்ந்து வடக்கே சுற்றின. அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டதாக மனைவி யான்ஜே கடையில் சொன்னாள்.

திங்கட்கிழமை வீட்ஸ்கே வாய்க்காலுக்கே போனாள்.

"அது உங்களத்தான் பாக்குது, ரீக்கெல்ட்."

"பழைய இரும்பு. காத்துல ஆடுது."

"நீங்க சைக்கிள்ல போனா சைக்கிள் வேகத்துல, நடந்தா நட வேகத்துல ஆடுற காத்தா?"

அவர் சேற்றை அள்ளிக் கரையில் போட்டுக்கொண்டே இருந்தார். "நாளன்னிக்குப் பொதச்சிட்டா முடிஞ்சிரும்ல?"

"பொதச்சிருவாங்க. பேருதான் இருக்காது. பதினாலு வீட்டுலயும் இது நம்ம புள்ளையா இல்லையான்னு சாகுற வரைக்கும் யோசிச்சிக்கிட்டே கெடப்பாங்க."

மண்வாரியைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு அவர் நடந்தார். களஞ்சிய வாசலில் நுழைந்ததும் கூண்டு அவருக்கு நேராக நின்றது. இரண்டு கை தூரத்தில் போய் நின்றார். வாசலில் கூடியிருந்தவர்கள் ஒதுங்கினார்கள். அவர் வீட்ஸ்கேயிடம் பேசவில்லை, கூண்டிடம் பேசினார்.

"விடியற நேரம். வல எடுக்கப் போயிருந்தேன். நீ வந்து படகு விளிம்பப் புடிச்ச. மூணு தடவ உம் பேரச் சொன்ன. ஹோரஸ் டனிக்ளிஃப். அதுக்குள்ள ஜெர்மன்காரன் ரோந்துப் படகுச் சத்தம் கேட்டுச்சு. எங்க வீட்டு மாடியில ஏற்கெனவே ரெண்டு பேர ஒளிச்சு வச்சிருந்தோம். என்னப் புடிச்சா வீட்டுக்கு வருவான். ஒன் வெரல ஒண்ணொண்ணா எடுத்துவிட்டேன். எட்டு வெரல். கடைசி ரெண்ட நீயே விட்டுட்ட."

இரண்டு இரும்புக் கைகளும் மெல்லத் தாழ்ந்தன.

வீட்ஸ்கே பையிலிருந்து இரண்டு விமானங்களின் பெயர்ப் பட்டியல்களையும் எடுத்தாள். அதுவரை அவற்றை அவள் யாருக்கும் காட்டியதில்லை. இரண்டாவது பட்டியலில், வால் துப்பாக்கிக்காரர் என்ற இடத்தில், அந்தப் பெயர் இருந்தது. படகு எங்கே நின்றது என்று கேட்டாள். தீவுத் தேவாலயக் கோபுரம் கலங்கரை விளக்கத்துக்கு வலது பக்கம் ஒட்டி, தெற்கே செங்கல் சூளைப் புகைபோக்கி என்று மீனவர்கள் சொல்கிற மாதிரி சொன்னார். வரைபடத்தில் அந்த அடையாளங்களிலிருந்து கோடுகளைப் போட்டாள், டியேர்டின் வயலில் வெட்டிக்கொண்டன. கூண்டின் பின்கதவு திறந்தே கிடந்ததையும், அதன் வழியே துப்பாக்கிக்காரர் வெளியேறியிருப்பதையும் சேர்த்து, தொலைபேசியில் அமைச்சக அதிகாரியிடம் சொன்னாள்.  அவர் டனிக்ளிஃப் என்ற பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லுங்கள் என்றார்.

புதன்கிழமை ஏழு பெயர்களோடும் அடக்கம் நடந்தது. ஹோரஸின் உடலும் இன்னும் இரண்டு பேரின் உடல்களும் கிடைக்கவே இல்லை; பெயர்கள் மட்டும் கல்லில் இருந்தன. லீட்ஸிலிருந்து வந்த அவன் தங்கை ஆக்னஸ், ரீக்கெல்ட்டைக் களஞ்சியத்தில் சந்தித்தாள். வீட்ஸ்கே மொழிபெயர்த்தாள். விரல்களை எடுத்துவிட்டதையும் அவர் மறைக்காமல் சொன்னார். ஆக்னஸ் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அவன் கை சில்லுன்னு இருந்துச்சா?"

"இல்லம்மா. சூடா இருந்துச்சு."

அவள் தலையசைத்தாள். கையுறையைக் கழற்றி அவர் கையைப் பிடித்தாள். விடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ரயிலுக்கு நேரமாகும்வரை விடவும் இல்லை.

கூண்டை அருங்காட்சியகம் கேட்டது. டியேர்ட் கொடுக்கவில்லை, அடியில் கான்கிரீட் மேடை போட்டு வசந்த காலத்தில் ஒருமுறை எண்ணெய் விடுகிறான். அது இன்றும் ரீக்கெல்ட்டைத்தான் பார்க்கிறது, கைகள் தாழ்ந்தபடி. ஞாயிற்றுக்கிழமைகளில் உருளைக்கிழங்கு வெந்ததும் யான்ஜே களஞ்சியத்துக்கு வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவாள். கூண்டு தூர வாய்க்கால் பக்கம் திரும்பியிருந்தால், அவர் வர நேரமாகும் என்று, சட்டியை இன்னும் அரைமணி நேரம் அடுப்பிலேயே விட்டுவைப்பாள்.